பார்க்க வேண்டிய ஒன்பது இடங்கள்

மனிதகுலத்தில் மகிழ்ச்சியைத் தேடியவர்கள் பலர். காட்டுக்குப் போய்த் தேடினார்கள், மலை ஏறித் தேடினார்கள், சிலர் கண்ணை இறுக மூடிக்கொண்டு தேடினார்கள். அதற்கு ஒரு படிவம் வேண்டும் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தக் குறையைத் தீர்த்த பெருமை எங்கள் நகர அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், கழிவறைக்கு இடப்புறம் இயங்கும் 'மலிவு மகிழ்ச்சிப் பிரிவு'க்கே உரியது.

பிள்ளை குட்டிகளோடு ஒரு நாள் வெளியே போக ஆசை, ஆனால் கையைக் கடிக்கக் கூடாது என்பவர்களுக்கு வழிகாட்டுவது அந்தப் பிரிவின் லட்சியம். பிரிவு தொடங்கிய முதல் வருடம், மகிழ்ச்சி என்றால் என்ன என்று வரையறுத்தார்கள். இரண்டாம் வருடம், குடும்பம் என்றால் எத்தனை பேர் என்று முடிவு செய்ய ஒரு துணைக்குழு அமைத்தார்கள். துணைக்குழுவில் இருந்த மாமனும் மருமகனும் அதிலேயே பேச்சுவார்த்தை அற்றுப் போனார்கள். மூன்றாம் வருடம் நாற்காலிகள் வந்தன. நான்காம் வருடம் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். ஐந்தாம் வருடம், இனிமேலும் தாமதிப்பது அழகல்ல என்று, 'குறைந்த செலவில் நிறைந்த நாள்' என்ற கையேட்டை வெளியிடத் தீர்மானித்தார்கள்.

அந்தப் பிரிவில் காற்புள்ளி என்று ஒருவர் இருந்தார். பெற்றோர் வைத்த பெயர் வேறு. அது சம்பளப் பட்டியலில் மட்டும் வாழ்ந்தது. எந்தத் தாள் வந்தாலும் அதில் காற்புள்ளி சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடச் சேவையில் ஒரு காற்புள்ளியைக்கூட அவர் இடம் மாற்றி வைத்ததில்லை. சொற்களைப் பார்ப்பது அவர் வேலை இல்லை. அது பக்கத்து மேசை. அந்த மேசைக்கு இன்னும் ஆள் போடவில்லை.

ஊருக்கெல்லாம் மகிழ்ச்சி தயாரிக்கும் இடத்தில் வேலை செய்ததால், அவருக்குத் தன் வீட்டுக்குக் கொஞ்சம் எடுத்து வர நேரம் கிடைக்கவில்லை. மகள் எங்கேயாவது போகலாம் என்று கேட்கும்போதெல்லாம் "அடுத்த ஞாயிறு" என்பார். இப்படியே சொல்லிச் சொல்லி, ஒருநாள் அந்த ஏழு வயதுக் குழந்தை கேட்டாள்:

"அப்பா, இந்த அடுத்த ஞாயிறு எங்க இருக்கு? ரொம்ப தூரமா? பஸ் போகுமா?"

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "பஸ் போகும்டி. உங்க அப்பாதான் ஏற மாட்டார். ஊர்ல இருக்கிற குடும்பத்துக்கெல்லாம் வழி சொல்ற மனுஷன், நம்மள மட்டும் குடும்பம்னு இன்னும் பதிவு பண்ணல போல."

காற்புள்ளிக்கு மனசு சுருக்கென்றது. கையேடு அச்சாகி வந்த ஞாயிறே, அதில் முதலாவதாக என்ன இடம் இருக்கிறதோ அங்கே கூட்டிப் போவதாகக் குழந்தையின் தலையில் கை வைத்துச் சொல்லிவிட்டார். கடவுள் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதன் பிறகு நடந்ததற்கு வேறு விளக்கம் இல்லை.

நடந்தது இதுதான். கையேட்டுக்காக ஊரில் உள்ள பூங்கா, படகுத்துறை, பழம்பொருள் கூடம் என்று ஒன்பது இடங்களைத் திரட்டிப் பச்சை அட்டை போட்ட ஒரு கோப்பு தயாரானது. அதன் மேல் 'பார்க்க வேண்டிய இடங்கள்' என்று எழுதியிருந்தது. அதே வாரம், கீழ்த்தளத்தில் உள்ள பழுதுப் பிரிவுக்கு ஊர் மக்கள் அனுப்பிய மனுக்களில் மிக மோசமான ஒன்பதை மட்டும் தொகுத்து இன்னொரு கோப்பு தயாரானது. அதுவும் பச்சை அட்டை. அதன் மேல் 'உடனடியாகப் பார்க்க வேண்டிய இடங்கள்' என்று எழுதியிருந்தது.

மகிழ்ச்சிப் பிரிவின் மேலாளர் "கோப்பை உடனடியாக அனுப்பவும்" என்று தபால் மேசைக்குச் சீட்டு அனுப்பியிருந்தார். தபால் மேசைக்காரர் கடமை தவறாதவர். 'உடனடியாக' என்று எழுதியிருந்த கோப்பை உடனடியாக அவருக்கு அனுப்பினார். மற்றதைச் சாவகாசமாகப் பழுதுப் பிரிவுக்கு அனுப்பினார்.

மேலாளர் சொல் நயம் மிக்கவர். கோப்பைப் படித்து உருகிப் போனார்.

"ஐந்து வருஷமா இந்த ஊர்ல இருக்கேன்யா, காற்புள்ளி! இப்படி ஒரு அதிசயம் எல்லாம் நம்ம ஊர்ல இருக்குன்னு எனக்கே தெரியாது. நடை கொஞ்சம் அழுகைச் சுவையா இருக்கு. நான் மெருகேத்தித் தரேன்."

மெருகேற்றினார். "மூன்று வருடமாக இரவு பகல் ஓயாமல் தண்ணீர் பீறிடுகிறது, தெருவில் போகும் குழந்தைகள் நனைகிறார்கள், தயவு செய்து வந்து பார்க்கவும்" என்பது, "மூன்று ஆண்டுகளாக ஓயாத நீரூற்று! குழந்தைகள் நனையலாம். வந்து பாருங்கள்!" ஆயிற்று. "விளக்குக் கம்பம் சாய்ந்து நிற்கிறது, எப்போது விழும் என்று தெரியவில்லை" என்பது, "சாய்ந்த கம்பம். எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது. அதிர்ஷ்டம் இருந்தால் நீங்கள் இருக்கும்போதே!" என்று மலர்ந்தது. "சாக்கடைக்கு மூடி இல்லை" என்ற நான்கு வயது மனு, "நிலத்தடி உலகம். நுழைவு எப்போதும் திறந்தே இருக்கும்" என்று மோட்சம் அடைந்தது.

காற்புள்ளி அதில் நாற்பத்தொரு காற்புள்ளிகளைச் சரிசெய்தார். ஒன்றையும் விடவில்லை. சொற்கள் பக்கம் அவர் திரும்பவே இல்லை. அடுத்தவர் மேசையில் கை வைக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

வெள்ளிக்கிழமை கையேடு வெளியானது. ஞாயிற்றுக்கிழமை காலை, ரொட்டி, அவித்த முட்டை, வாழைப்பழம், மாற்று உடுப்பு என்று ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு, காற்புள்ளியின் குடும்பம் பஸ் ஏறியது. மகள் சன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு நிறுத்தத்திலும் "இதுதான் அடுத்த ஞாயிறா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

இறங்கிய இடம் ஒரு சந்து. சந்தின் கோடியில் ஒற்றை அறை. கதவுக்கு மேல் 'தையல்' என்று எழுதிய தகரப் பலகை. கதவிலிருந்து இரண்டு எட்டுத் தள்ளி, தரையைப் பிளந்துகொண்டு ஒரு குழாய் ஆள் உயரத்துக்குத் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி நாற்பது குடும்பங்கள். ஈரம் படாத இடமாகப் பார்த்து விரிப்பு விரித்திருந்தார்கள். குழந்தைகள் தண்ணீருக்குள் ஓடிப் புகுந்து வெளியே வந்தார்கள். ஒரு பெரியவர் கையேட்டையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்து, "எழுதினது எழுதினபடியே இருக்கு" என்று பாராட்டினார். ஒரு பெண் கதவைத் தட்டி, "அம்மா, இது எத்தனை மணிக்கு நிப்பாட்டுவீங்க?" என்று கேட்டார்.

கழுத்தில் அளவு நாடாவோடு தையல்காரம்மா வெளியே வந்தார்.

"அதைத்தாங்க நானும் மூணு வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கேன்."

பிறகு கூட்டத்தை ஒரு தடவை நிதானமாகப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "நீங்கள்லாம் ஆபீஸ்லேர்ந்துதானே? பதினோரு மனு போட்டேன். வந்து பாருங்க, வந்து பாருங்கன்னு. என்னிக்காவது வருவீங்கன்னு தெரியும். ஆனா இப்படிக் குடும்பத்தோட வருவீங்கன்னு நினைக்கலை."

காற்புள்ளி கையேட்டைப் பிரித்தார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக, ஒரு காற்புள்ளிக்கும் அடுத்த காற்புள்ளிக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று படித்தார். படிக்கப் படிக்க, தண்ணீர் படாமலே அவர் சட்டை நனைந்தது.

"அப்பா, இங்க வந்து பாரேன்!" மகள் அறையின் சுவரில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். கையை எடுத்தாள். ஐந்து விரலும் சுவரில் பதிந்திருந்தன. "இந்தச் சுவர் நம்ம ரொட்டி மாதிரி இருக்குப்பா."

"மெல்லம்மா, மெல்ல," என்றார் தையல்காரம்மா. "கொத்தனார் பார்த்துட்டுப் போயிட்டார். அடுத்த பெருமழைக்குத் தாங்காதாம். அதுக்குள்ள தண்ணி நின்னு காய்ஞ்சா பிழைச்சுக்கும், இல்லேன்னா என் மெஷினோட சேர்ந்து நானும் தெருவுக்கு வந்துடுவேன்னார். அப்பவும் எல்லாரும் வந்து பாருங்க."

காற்புள்ளி உள்ளே பார்த்தார். தையல் இயந்திரம் செங்கல் அடுக்கின் மேல் நின்றது. தைத்து முடித்த பள்ளிச் சட்டைகள், தரை ஈரத்துக்குப் பயந்து உத்தரத்திலிருந்து தொங்கின. கோபப்பட்டிருக்க வேண்டியவர் அந்த அம்மாள். அவரோ மிச்சத் துணிகளை ஒரு கூடை நிறைய அள்ளி வந்து, நனைந்த குழந்தைகளைப் பிடித்து உட்கார வைத்துத் தலை துவட்டிவிட ஆரம்பித்தார். "யார் வீட்டுப் பிள்ளையா இருந்தா என்ன, சளி பிடிச்சா பிடிச்சதுதானே." காற்புள்ளியின் மகளுக்குப் பூப்போட்ட துண்டு கிடைத்தது.

கூட்டத்தில் குழாய்ப் பழுது பார்ப்பவர் ஒருவரும் மனைவி மக்களோடு வந்திருந்தார். கால் மணி நேரமாக அவர் குழாயைப் பார்க்காமல் இருக்க முயன்று, முடியாமல், நெளிந்துகொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமைகூட குழாய்தானா?" என்றார் அவர் மனைவி.

"பார்க்க வேண்டிய இடம்னு போட்டிருக்கே, பார்க்காம எப்படி?" என்று கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். "யாருகிட்டயாவது பழைய சைக்கிள் டியூப் இருக்கா? இழுத்துக் கட்ட ஒரு பட்டை வேணும். தோலா இருந்தா நல்லது."

டியூப் நாலாவது வீட்டிலிருந்து வந்தது. பட்டைக்கு எல்லோரும் அக்கம் பக்கம் பார்த்தார்கள். காற்புள்ளி தன் இடுப்பு பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்தார். மகிழ்ச்சிப் பிரிவு ஐந்து வருடத்தில் பொதுமக்களுக்கு வழங்கிய முதல் உதவி அது என்பதை வரலாறு குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒருவர் குடை பிடித்தார், இருவர் மண்ணைத் தோண்டினார்கள், குழந்தைகள் வாளியால் நீரை இறைத்தார்கள், பெரியவர் கையேட்டால் விசிறினார். தண்ணீர் ஆள் உயரத்திலிருந்து இடுப்பளவு ஆனது, முழங்கால் ஆனது, கணுக்கால் ஆனது, ஒரு விக்கல் விக்கி நின்றது. சந்தில் அப்படி ஒரு நிசப்தம். மூன்று வருடமாக அந்த இரைச்சலிலேயே தூங்கி எழுந்த தையல்காரம்மா, காதைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு நாற்பது குடும்பமும் கை தட்டியது.

"இது பத்து நாள் தாங்கும்," என்றார் குழாய்க்காரர். "உள்ளே குழாயையே மாத்தணும். அதுக்கு ஆபீஸ்காரங்க வரணும்."

அன்றைக்குப் பெரிய சிரிப்பு அதற்குத்தான். சிரித்துச் சிரித்து ஒருவருக்குப் புரையேறிவிட்டது.

ரொட்டியும் முட்டையும் கை மாறின. யார் கொண்டுவந்ததை யார் சாப்பிட்டார்கள் என்று தெரியவில்லை. திரும்பும்போது காற்புள்ளி ஒரு கையால் மகளையும் மறு கையால் கால்சட்டையையும் பிடித்துக்கொண்டு நடந்தார். மகள் நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: "அப்பா, அடுத்த ஞாயிறு ரொம்ப நல்லா இருக்கு."

திங்கட்கிழமை பழுதுப் பிரிவிலிருந்து ஒரு பதில் வந்திருந்தது. அவர்களுக்குப் போன கோப்பில் இருந்த பூங்கா, படகுத்துறை, பழம்பொருள் கூடம் உட்பட ஒன்பது இடங்களையும் அவர்கள் நேரில் போய்ச் சோதித்திருந்தார்கள். அறிக்கை ஒரே வரி: "பார்த்தோம். பார்க்க ஒன்றுமில்லை."

காற்புள்ளி அதை எடுத்துக்கொண்டு மேலாளர் முன் போய் நின்றார். கோப்பு மாறிப்போனதை ஆதியோடந்தமாகச் சொன்னார். தையல்காரம்மாவின் சுவரைப் பற்றிச் சொன்னார். மழைக்காலம் வருவதையும் சொன்னார்.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதப் பாருய்யா. அச்சாகிறதுக்கு முன்னாடி இருந்தா அது தவறு. அச்சாயிட்டா அது வெளியீடு. மூவாயிரம் பிரதி தீர்ந்துபோச்சு. சாய்ந்த கம்பத்துல நேத்து நிக்க இடம் இல்லையாம்."

"அந்த அம்மா வீடு சார்…"

"வீட்டு வாசல்லயே நீரூற்று. கொடுத்து வச்சவங்க."

அடுத்த ஞாயிறு கையேட்டை நம்பிப் போனவர்கள் வறண்ட சந்தைப் பார்த்து ஏமாந்தார்கள். மூன்று வருடம் ஒழுகியதற்கு வந்த மனு பதினொன்று. ஒரு வாரம் ஒழுகாததற்கு வந்த மனு எழுபத்து நான்கு. திங்கட்கிழமை அவசரக் கூட்டம் கூடிற்று. மேலாளர் மேசையைத் தட்டினார்.

"பார்க்க வேண்டிய இடம் எண் ஒன்று செயலிழந்துவிட்டது. யார் இதைச் சரிசெய்தது?"

பழுதுப் பிரிவுப் பொறியாளர் துள்ளி எழுந்தார். "சத்தியமா நாங்க இல்லை சார்! மூணு வருஷமா அந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுத்ததில்லை. வேணும்னா பதிவேட்டைப் பாருங்க."

பதிவேட்டைப் பார்த்தார்கள். அவர் சொன்னது உண்மை. பாராட்டி உட்கார வைத்தார்கள். பிறகு, சேதப்பட்ட நீரூற்றைப் பழுதுப் பிரிவு புதன்கிழமைக்குள் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஒருமனதாக முடிவானது. ஒழுகும் குழாயை அடைக்க மூன்று வருடமாக ஆள் இல்லை, வண்டி இல்லை, மண்வெட்டி இல்லை. அடைத்த குழாயை ஒழுகவைக்க இரண்டு வண்டி, ஒன்பது ஆள், பன்னிரண்டு மண்வெட்டி கிடைத்தன.

மேலாளர் ஆணையைத் தன் கையாலேயே ஒரு சீட்டில் கிறுக்கினார். சுருக்கமாக எழுதுவதில் அவர் மன்னர்: 'அடைக்க வேண்டாம் திறக்க'. காற்புள்ளியிடம் நீட்டினார். "காற்புள்ளி போட்டு, தட்டச்சு பண்ணிக் கொண்டா."

காற்புள்ளி தன் மேசைக்குப் போய்ச் சீட்டை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூன்றே சொல். 'வேண்டாம்' என்பதற்குப் பின்னால் காற்புள்ளி வைத்தால், அடைக்க வேண்டாம், திறக்க. மேலாளர் நினைத்தது அதுதான். விரலை அங்கே கொண்டுபோனார். தட்டச்சுப் பொறியின் மேல், அவர் மனக்கண்ணில், ஈரச் சுவரில் பதிந்த ஐந்து சின்ன விரல்கள் தெரிந்தன. குழாய்க்காரர் சொன்ன பத்து நாளில் எட்டு ஓடிவிட்டது. இருபத்திரண்டு வருடத்துச் சுத்தமான பெயர் ஒரு பக்கம். தலை துவட்டிவிட்ட பூப்போட்ட துண்டு ஒரு பக்கம்.

"கடவுளே, எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்," என்று முணுமுணுத்துவிட்டு, ஒரு சொல் முன்னதாகவே தட்டினார்.

'அடைக்க, வேண்டாம் திறக்க.'

மேலாளர் கையெழுத்துப் போட்டார். காற்புள்ளி பார்ப்பது அவர் மேசை வேலை இல்லை. அடுத்தவர் மேசையில் கை வைக்கும் பழக்கம் அவருக்கும் கிடையாது.

பொறியாளர் ஆணையை இரண்டு தடவை படித்தார். "கூட்டத்துல வேற மாதிரி கேட்ட ஞாபகம்," என்று தலையைச் சொறிந்தார். "ஆனா காதுல விழுந்ததுக்கு யாரும் கையெழுத்துப் போடலையே. தாள்ல இருக்கிறதுதான் ஆணை. அடைங்கப்பா."

புதன்கிழமை காலை இரண்டு வண்டிகள் அந்தச் சந்துக்குள் நுழைந்தன. தோண்டினார்கள், இற்றுப்போன குழாயைத் துண்டு துண்டாக எடுத்தார்கள், புதுக் குழாய் போட்டார்கள், மண்ணைத் தள்ளி மேலே சிமெண்டும் பூசினார்கள். தையல்காரம்மாவுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. ஒன்பது பேருக்கும் தேநீர் போட்டுக் கொடுத்தார். ஒருவருடைய சட்டையில் அறுந்திருந்த பித்தானைத் தைத்துக் கொடுத்தார். பழைய குழாயில் கட்டியிருந்த பெல்ட்டை மட்டும் எடுத்துக் கழுவிக் காயப்போட்டார்.

வியாழக்கிழமை மேலாளர் காற்புள்ளியைக் கூப்பிட்டார். மேசை மேல் ஆணையின் நகல். மேலாளரின் விரல் அந்தச் சின்னக் காற்புள்ளியின் மேல் நின்றது.

"யார் போட்டது இது?"

"நான்தான் சார்."

"இடம் தெரியாமப் போட்டியா?"

"இல்ல சார். இத்தனை வருஷத்துல இந்தத் தடவைதான் இடம் தெரிஞ்சு போட்டேன்."

மேலாளர் வாயைத் திறந்தார். என்ன தண்டனை என்று அவர் சொல்வதற்குள் பொறியாளர் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"சார்! அந்தச் சந்துல கூட்டம் தாங்கலை! நேத்து சாயங்காலத்திலேர்ந்து வந்துக்கிட்டே இருக்காங்க. குடும்பம் குடும்பமா! சிமெண்டைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாங்க. நிஜமாவே ஆபீஸ்லேர்ந்துதான் வந்தாங்களான்னு கேட்கிறாங்க. எங்க ஆளுங்ககூட நின்னு படம் எடுத்துக்கிறாங்க சார்!"

மேலாளர் திறந்த வாயை மூடினார். அவர் கண்களில் பழைய ஒளி வந்தது. சொல் நயம் மிக்கவருக்கு வேறு எதுவும் வேண்டியதில்லை. "எழுதிக்கோய்யா," என்றார். "இரண்டாம் பதிப்பு."

காற்புள்ளி எழுதிக்கொண்டார். அதில் உள்ள காற்புள்ளிகளை மட்டுமல்ல, சொற்களையும் இந்தத் தடவை ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்தார். ஒன்றைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. அது இப்போதும் அச்சில் இருக்கிறது:

'பார்க்க வேண்டிய இடம் எண் ஒன்று: நகர அலுவலகம் நேரில் வந்து, ஒரு வேலையைச் செய்து முடித்த இடம். ஊரில் இந்த வகையில் இது ஒன்றே ஒன்று. கட்டணம் இல்லை. குழந்தைகளைக் கட்டாயம் அழைத்து வாருங்கள், வளர்ந்த பிறகு சொன்னால் நம்ப மாட்டார்கள்.'